ஜிம்மியின் காலில் குத்தியது

“இன்னிக்கே அந்த ஆளைக் காலி பண்ணச் சொல்லுங்க. இல்லேன்னா தெருவையே கூட்டிக்கிட்டு வருவேன்!”

வீட்டுச் சொந்தக்காரர் அரிகிருஷ்ணனின் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள் பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமி. அவள் இடுப்பில் ஜிம்மி. முழங்கை நீளம்கூட இல்லாத நாய். காலையில் துள்ளிக் குதித்துச் சந்துக்குள் ஓடியது, திரும்பி வரும்போது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தது. பாதத்தில் ரத்தம்.

“பாருங்க, உள்ள என்னமோ பளபளன்னு மின்னுது. பிராந்தி பாட்டில்தான். இந்தச் சந்துல குடிக்கிறவன் வேற யாரு இருக்கான்?”

வேறு யாரும் இல்லைதான். சந்துக்குள் இருக்கும் ஒற்றை அறை போர்ஷனில் குடியிருப்பவன் தேவதாஸ். மில்லை மூடியதிலிருந்து ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். வேலை முடிந்தால் ஒரு குவாட்டர்.

பாக்கியலட்சுமிக்குக் குடிப்பவர்களைக் கண்டாலே ஆகாது. புதுச்சேரியில் இருந்துகொண்டு இப்படி ஒரு குணம் இருந்தால் நிம்மதி எங்கிருந்து வரும்! தேவதாஸ் குடிவந்த மாதமே, போதையில் எகிறிக் குதித்துவிடுவான் என்று தன் வீட்டுச் சந்துப் பக்கத்து மதில் முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதித்தவள் அவள்.

“பாவம்மா” என்று இழுத்தார் அரிகிருஷ்ணன். “அவன் பொண்ணு மார்ச்சுல பத்தாவது எழுதப் போவுது. தாயில்லாப் புள்ள. இப்பப் போயி எங்க வீடு தேடுவான்?”

“இது வாயில்லா ஜீவன். இது பாவமில்லையா?”

சத்தம் கேட்டு தேவதாஸே வந்துவிட்டான். பின்னால், கையில் புத்தகத்தோடு மகள் அறிவுமதி.

“குடிக்கிறது நெசந்தாங்க. ஆனா பாட்டில ஒடைக்க மாட்டேன். பழைய கடையில போட்டா காசு வருமே, எவனாவது ஒடைப்பானா?”

நியாயமான பேச்சுதான். ஆனால் கேட்கிற நிலையில் அவள் இல்லை. கடைசியில் அரிகிருஷ்ணன்தான் இறங்கி வந்தார்.

“சரிம்மா, பொங்கலுக்குள்ள காலி பண்ணச் சொல்லிடறேன்.”

அறிவுமதி புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

தேவதாஸ் ஜிம்மியின் காலையே பார்த்தான். “கீழ உடாதீங்கம்மா. ஊனினா இன்னும் உள்ள ஏறிடும். அப்படியே தூக்கிட்டுப் போங்க.”

“எனக்குத் தெரியும்” என்று ஆட்டோவில் ஏறினாள்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கை விரித்துப் பார்த்தார்.

“நீங்களா எதுவும் நோண்டலையே? நல்லது. பிடிச்சுக்குங்க, எடுத்துடலாம்.”

“எடுத்ததும் எங்கிட்ட குடுங்க டாக்டர். சாட்சிக்கு வேணும்.”

ஜிம்மி வீல் என்று கத்தியது. பெற்ற பிள்ளைக்கு ஊசி போட்டபோதுகூட அவள் இப்படி அழுததில்லை.

டாக்டர் இடுக்கியால் எடுத்ததைத் துடைத்து, ஒரு காகிதத்தில் வைத்து நீட்டினார்.

“கண்ணாடிதான். ஆனா இந்தப் பக்கம் சிமெண்ட் ஒட்டியிருக்கு பாருங்க. ஏதோ மதில் மேலேர்ந்து விழுந்திருக்கு. போன மாசம் பேஞ்ச மழைக்கு எல்லாம் பேத்துக்கிட்டு வருது.”

பச்சைக் கண்ணாடி. கொத்தனாருக்கு அவளே பழைய கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த பச்சை பாட்டில்.

திரும்பி வரும் வழியெல்லாம் அறிவுமதி புத்தகத்தை மூடியதுதான் கண்ணில் நின்றது. அநியாயமாக ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள். தெருமுனை வரும்வரை அப்படித்தான் நினைத்தாள்.

வாசலில் அரிகிருஷ்ணன், தேவதாஸ், அவன் மகள், கூடவே தெருக்காரர்கள் நாலு பேர்.

“என்னம்மா, எடுத்தாச்சா? என்ன இருந்துச்சு?”

பாக்கியலட்சுமி சில்லு இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பாட்டில் இல்லீங்க. கிளிஞ்சல். எங்க வீட்டுக்காரரு இதை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனாரு, அப்பக் குத்தியிருக்கு. இன்னிக்குத்தான் உள்ள ஏறியிருக்கு. இவரைக் காலி பண்ணச் சொல்ல வேணாம்.”

சுனாமிக்குப் பிறகு அவள் வீட்டில் யாரும் கடற்கரைப் பக்கம் தலைவைத்தே படுத்ததில்லை.

அறிவுமதி சந்து வாசலிலேயே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். தேவதாஸ் இரண்டு கையையும் கூப்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

“வேற யாராவதா இருந்தா, பழி எம்மேலயே இருக்கட்டும்னு உட்டுருப்பாங்க. நாலு பேரு முன்னால நெசத்தச் சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்மா!”