பதினோரு நாள் படிக்காசு

ஜெயில் வாசலில் நின்றவர்கள் நான்கு பேர். கோர்ட் அமீனா சோலையப்பன். வார்டர் வீரய்யா. கடனாளி செல்லமுத்து. அவன் பெண்டாட்டி அழகி.

வார்டர் கணக்கில் இன்னும் வரவேண்டியவர் ஒருவர். செல்லமுத்துவின் வீட்டுமேல் இரண்டாவதாகக் கடன் கொடுத்த அடமானக்காரர்.

அவர் வந்து படிக்காசு கட்டினால்தான் கதவு திறக்கும். கடனுக்காக ஒருவனை உள்ளே போட்டால் அவனுடைய சாப்பாட்டுச் செலவு போட்டவர் தலையில். கோர்ட் விதி அது.

மணி மூன்றரை. நான்கு வரைக்கும் பார்ப்போம், யாரும் கட்டாவிட்டால் இவனை விட்டுவிட வேண்டியதுதான் என்று வார்டர் சொல்லிவிட்டார்.

செல்லமுத்து மதில் நிழலில் குத்தவைத்து ஒரு பீடியைப் பற்றவைத்தான். அவனுக்கு அவ்வளவாகக் கவலை இல்லை.

பொன்னமராவதி வீடு தையிலேயே போய்விட்டது. முதல் கடன்காரர் கோர்ட் மூலம் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். அவரே எடுத்தார். ஏலத்தொகை அவருடைய அசலுக்கும் வட்டிக்கும் கோர்ட் செலவுக்கும் சரியாகப் போயிற்று. இரண்டாம் கடனுக்கு ஒரு செங்கல்கூட மிஞ்சவில்லை.

வீட்டோடு அந்தக் கடனும் செத்தது என்றுதான் அவன் நினைத்திருந்தான். இன்று காலை மோட்டார் ஸ்டாண்டில் அமீனா தோளில் கை வைத்தபோதுதான் தெரிந்தது. வீடு கைவிட்டுப் போனால் பாக்கிக் கடன் ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் பத்திரம் மச்சினன் ஆண்டிச்சாமி பெயரில் எழுதியது. ஆண்டிச்சாமி கொழும்பில் கடைச் சிப்பந்தி. போன வருஷம் ஊருக்கு வந்தபோது அதை வேறொருவர் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டானாம். யார் பெயருக்கு என்று செல்லமுத்து இரண்டு தடவை கேட்டான். வாரன்டு இங்கிலீஷில் இருந்தது. அமீனா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

"எந்த ஊர்லய்யா கடன்காரன் கடனாளிக்குச் சோறு போட்டான்? குடுத்த கடனும் வராது, போட்ட சோறும் வராது. அந்தப் புத்திசாலி வந்தா சொல்லுங்க அமீனாய்யா, எனக்கு வாரம் ஒரு நாள் கறி வேணும்."

வார்டர் சிரித்தார். அமீனா சிரிக்கவில்லை.

அழகி ஒரு துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழாமல் இரு என்று அவளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டான். அவள் அழவில்லை. நாலு மணிக்கு விட்டுவிடுவார்கள், நீ காரையூரில் உன் ஆத்தா வீட்டுக்குப் போய்விடு, நான் திருச்சியில் மில் வேலை பார்த்து ரெண்டு மாதத்தில் கூட்டிக்கொள்கிறேன் என்றான். சரி என்றாள்.

திருச்சி அவளுக்குச் சொன்னது.

வண்டிமாடு இரண்டையும் விற்று எடுத்த கப்பல் டிக்கெட் அவன் சட்டையின் உள்பையில் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு. கப்பலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

அவன் அண்ணன் பினாங்கு போய் ஒன்பது வருஷம். ஒரு கடுதாசி இல்லை. அண்ணி ரோட்டு வேலையில் சல்லி உடைக்கிறாள். நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டுதான் உடைக்கிறாள்.

நான்கு அடித்தது.

செல்லமுத்து பீடியை நசுக்கிவிட்டு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான்.

அமீனா அவனைப் பார்க்கவில்லை. அழகியைப் பார்த்தார். அவள் எழுந்துபோய் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாதக் கடைசி வரை பதினோரு நாளுக்குண்டான காசை வார்டரின் மேசைமேல் வைத்தாள்.

கட்டுவது யார் என்று வார்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அழகி, செல்லமுத்து பெண்டாட்டி, பத்திரம் இப்போது அந்த அம்மாள் பெயரில் என்றார் அமீனா.

செல்லமுத்து அழகி பக்கம் திரும்பினான்.

அந்தக் கடன் ஒரு மோட்டார் பஸ்ஸில் பங்கு சேர வாங்கியது. அழகியின் சங்கிலியையும் காப்பையும் விற்ற பணம். பத்திரம் இல்லாமல் கழற்ற மாட்டேன் என்று அவள் அன்றைக்கு ஒற்றைக்காலில் நின்றாள். பெண்டாட்டிக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தான் என்று ஊர் சிரிக்குமே என்று மச்சினன் பெயரில் எழுதியது அவன்தான்.

வார்டர் அவன் உடம்பைத் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லி நோட்டில் எழுதினார். துண்டு ஒன்று. பீடிக்கட்டு ஒன்று. கப்பல் டிக்கெட் ஒன்று, தேதி இருபத்தேழு.

செல்லமுத்து தரையைப் பார்த்தான்.

அழகி டிக்கெட்டைப் பார்க்கவே இல்லை. மூட்டையை அவனிடம் நீட்டினாள். துவைத்து மடித்த வேட்டி ஒன்று, சட்டை ஒன்று. சட்டை துவைக்கிறவளுக்கு உள்பையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகாது.

"அடுத்த மாசப் படிக்காசை ஒண்ணாந்தேதி காலையில கட்டிரணும்மா. கட்டலைன்னா அன்னைக்கே வெளிய விட்டுருவோம். அப்புறம் இதே கடனுக்கு மறுபடி பிடிக்க முடியாது, பாத்துக்க" என்றார் வார்டர்.

"தெரியுமுங்க. கட்ட மாட்டேன். ஒண்ணாந்தேதி வெயில் ஏறுறதுக்குள்ள வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

வார்டர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு செல்லமுத்துவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினார்.