வலது கை

"கால் போதும் டாக்டரம்மா. கை வேண்டாம்."

டாக்டர் ஹஃப்ஸா நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"காலுக்கு வச்சீங்கள்ல, அம்புட்டு போதும். கைக்கு வைக்காதீங்க" என்றாள் சிவரஞ்சனி, தரையைப் பார்த்தபடி.

நாற்காலியில் அவள் கணவன் சங்கிலிப்பாண்டி. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தவன். கூமாப்பட்டியிலிருந்து பஸ் மாறி, ராஜபாளையத்துக்கு அவள்தான் அழைத்து வருகிறாள். ஊசி இல்லை, கத்தி இல்லை. தலையிலும் முதுகிலும் காந்த மெஷின் வைத்ததில் கால் தேறிவிட்டது. பிடித்துக்கொண்டு நடக்கிறான். இன்று கைக்கு ஆரம்பம்.

"கேட்டீயளா?" மாமியார் கருத்தம்மா எழுந்துவிட்டாள். "கட்டுனவன் கை வெளங்கக் கூடாதாம் இவளுக்கு! எம்மவன் படுத்ததுலருந்து தேங்காய்க் கமிஷன் கடைச் சாவி இவ இடுப்புல. கை வந்தா சாவியைக் குடுக்கணும்ல?"

"அதுக்கில்லை அத்தை."

"பொறவு எதுக்கு? ஏட்டி, சொல்லு! ஊரே கேக்கட்டும்."

சிவரஞ்சனி டாக்டர் பக்கம் திரும்பினாள். "சோறு நான் ஊட்டிவிடுதேன். குளிப்பாட்டிவிடுதேன். சட்டை மாட்டிவிடுதேன். அவிய நடந்தா போதும்."

"புருஷனைப் பொம்மையா வச்சிருக்கப் பாக்கா!"

டாக்டருக்கே எரிச்சல் வந்தது. "இங்க பாருங்கம்மா, மூளையிலருந்து கைக்கு வர்ற பாதை அறுந்து போகலை. தூங்குது. இப்ப எழுப்பலைன்னா பிறகு எழுப்பவே முடியாமப் போகலாம். அவர் கை. அவரைத்தான் கேக்கணும்."

அவன் பக்கம் திரும்பினார். "வைக்கலாமா?"

சங்கிலிப்பாண்டி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வைங்க" என்றான், கோணிய வாயால்.

எட்டு போல வளைந்திருந்த காந்த வளையத்தை அவன் தலையின் இடப்பக்கம் பொருத்தினார் டாக்டர்.

டக்.

மடியில் செத்துக் கிடந்த கட்டைவிரல் தானாகத் துள்ளியது.

"ஆண்டாள் தாயே!" கருத்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மருமகளைப் பார்த்து, "வயிறு எரியுதாட்டி?" என்றாள்.

சிவரஞ்சனியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "மெஷின் தட்டுறப்ப நீங்களும் சேர்ந்து தூக்கணும். மெஷின் மட்டும் தூக்கினா பிரயோஜனமில்லை."

டக். தோள் குலுங்கியது. அவ்வளவுதான்.

டக். அவன் நெற்றி நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்தான். கை அசையவில்லை.

"விடாதீங்க. இன்னும் பலமா!"

அவன் தோளிலிருந்து துண்டு நழுவியது. எடுத்துப் போடுவதற்காகச் சிவரஞ்சனி குனிந்தாள்.

டக்.

கை எழுந்தது. உள்ளங்கை விரிந்தபடி, காது உயரத்துக்கு.

"சபாஷ்!" டாக்டர் சிரித்துக்கொண்டே கருத்தம்மாவைத் தேடினார்.

கருத்தம்மா நின்ற இடத்தில் இல்லை. அந்த ஒரு நொடிக்குள் பாய்ந்து வந்து, மருமகளின் முகத்தைத் தன் நெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டு, மகனுக்கு முதுகைக் காட்டி, கண்களை இறுக மூடி நின்றாள், எத்தனையோ முறை அப்படி நின்று பழகியவளாய்.