யார் கடித்த காயம்?

“ஏம்பா தெய்வசிகாமணி, அந்தப் பாண்டிச்சேரிக்காரி கடிச்ச கடி இன்னுமா ஆறலை?”

திருவிழாவுக்கு நாள் குறிக்கக் கூடிய கூட்டத்தில், அத்தனை பேர் நடுவில், பக்கத்து உப்பளத்துக் கன்னியப்பன் இப்படிக் கேட்டதும் தெய்வசிகாமணிக்குக் காது அடைத்துப் போனது.

“எந்தப் பாண்டிச்சேரிக்காரி?”

“அதை நீதான் சொல்லணும். ஊரே பேசுது. அம்மனுக்குக் காப்புக் கட்டப்போற தர்மகர்த்தா இப்படி உதட்டுல காயத்தோட நின்னா, தீ மிதிக்கறவன் இன்னா நினைப்பான்?”

காயம் என்னவோ உண்மைதான். கீழுதட்டில், பீடி வைக்கிற இடத்தில், மிளகளவு புண். பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி வரும். எண்பத்தெட்டாம் வருஷத்துப் பொங்கலுக்கு முன்னால் வந்தது, சித்திரை பிறந்தும் போகவில்லை.

அவரும் வெண்ணெய் தடவினார், மாசிக்காய் உரைத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை. மனைவி லட்சுமியம்மாள் கெஞ்சாத நாள் இல்லை.

“சூட்டுக் கொப்புளத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா ஊர் சிரிக்கும்டி” என்பார்.

இப்போது ஊர் வேறு காரணத்துக்குச் சிரித்தது.

உண்மையைச் சொன்னால், வீட்டுக்கு வந்ததும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கண்ணாடி முன் நின்றார். வழுக்கை. முன்பல் இரண்டு இல்லை. நெஞ்சை முந்திக்கொண்டு நிற்கும் தொப்பை. இந்த உதட்டையும் தேடி வந்து கடிக்க ஒருத்தி இருப்பாள் என்று ஊர் நம்புகிறதே! மீசையை ஒரு தடவை முறுக்கிக்கொண்டார்.

பின்னால் லட்சுமியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைப்பது கண்ணாடியிலேயே தெரிந்தது. மீசையிலிருந்து கை இறங்கிவிட்டது.

“அம்மன் சத்தியமா நான் எங்கயும் போகலை லட்சுமி.”

“எனக்குத் தெரியுங்க. ஆனா தண்ணிக்குப் போனா பொம்பளைங்க என்னைப் பார்த்து உச்சுக் கொட்டறாங்க.”

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் கன்னியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“டேய், கிளம்புடா பாண்டிச்சேரிக்கு. பெரிய டாக்டர் பார்த்து இது கடி இல்லைன்னு சொல்லட்டும். நீ காதால கேட்டுட்டு வந்து ஊருக்குச் சொல்லு.”

லட்சுமியம்மாளும் கூடவே வந்தாள். பெண்டாட்டி முன்னாலேயே மானம் மீளட்டும் என்று அவரும் தடுக்கவில்லை.

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார். தாடைக்கு அடியிலும் கழுத்திலும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

“டாக்டர், இது கடியான்னு மட்டும் சொல்லிடுங்க. இவன்தான் சாட்சி.”

“கடி இல்லீங்க.”

தெய்வசிகாமணி கன்னியப்பனை ஒரு பார்வை பார்த்தார், எலெக்ஷனில் ஜெயித்தவர் மாதிரி.

“கடியா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்” என்றார் டாக்டரம்மா. “துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்.”

ரிசல்ட் வாங்கப் போன அன்றும் சாட்சியை விடவில்லை. சாட்சி முன்னிலையிலேயே தெரிந்தது. புற்றுநோய்.

மானம் மீண்டுவிட்டது. மீட்டவர்தான் பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

“பயப்படாதீங்க. உதட்டுல வர்றதைச் சீக்கிரம் கவனிச்சா பெரும்பாலும் குணமாயிடும். கழுத்துல கட்டி இல்லை. புண்ணைச் சுத்தி வெட்டி எடுத்துத் தைச்சிடுவோம். பீடியை விட்டுடணும். உப்பளத்துல வெயில் மேலருந்தும் அடிக்குது, உப்புல பட்டுக் கீழருந்தும் அடிக்குது, முகத்தை மூடிக்கிட்டு நில்லுங்க. அப்பப்போ வந்து காட்டணும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா நான் இவ்ளோ தைரியமாப் பேசியிருக்க மாட்டேன்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மனுக்குக் காப்பைக் கன்னியப்பன்தான் கட்டினார். குங்குமத்தோடு வார்டுக்கு வந்தவரின் கையைத் தெய்வசிகாமணி பிடித்துக்கொண்டார். தையல் போட்ட உதட்டால் மெள்ளப் பேசினார்.

“அந்தப் புரளியைக் கிளப்பினது யாருடா? ஊருக்கு வந்ததும் முதல்ல அவன் பல்லை உடைக்கிறேன். அப்புறம் அவன் கால்ல விழறேன்.”

கன்னியப்பன் சங்கடமாக நெளிந்தார். “என் பொண்டாட்டிகிட்ட வந்து அழுதுக்கிட்டே சொன்னது உன் சம்சாரம்தான்பா.”

தெய்வசிகாமணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“நீயா? ஊரே உன்னைத்தானேடி பாவம்னு பேசிச்சு!”

லட்சுமியம்மாள் கஞ்சி ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“பேசட்டுங்க. உயிர் போயிடும்னு நாலு மாசமா கெஞ்சினேன், நீங்க அசையலை. மானம் போயிடும்னதும் முதல் பஸ்ஸைப் புடிச்சீங்க.”