மூடிய கண்ணின் மேல்

அம்மா படத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. துடைப்பதற்கு முன் பார்க்கலாம் என்று, ஓவியம் படிக்கும் ஸ்கேனரை வாடகைக்கு எடுத்து வந்தேன். அது சாயத்தை அடுக்கடுக்காகத் துழாவி, என் முகத்தையும் ஒருமுறை படித்துவிட்டுச் சொன்னது:

"முதலில் மூடிய கண்களைத்தான் வரைந்திருக்கிறார்கள். திறந்த கண்கள் அதன் மேல் தீட்டியவை. அவை உங்கள் கண்கள்."

மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடியும் அதையே சொன்னது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

"வெள்ளத்துல போட்டோ எல்லாம் போயிருச்சும்மா. அடுத்த வாரமே காய்ச்சல்ல அவளும் போயிட்டா. அவள எடுக்கறதுக்கு முன்னாடி ஆர்ட்டிஸ்ட்டக் கூட்டிட்டு வந்தேன். கண்ணு எப்படி இருக்கும்னு கேட்டாரு. எனக்குச் சொல்ல வரல. மடியில நீ முழிச்சுட்டு இருந்த. ஒன்னயக் காட்டிட்டேன்."

எனக்கு அப்படியே அம்மாவின் கண் என்று, இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் தினம் பொட்டு வைத்து, என் கண்ணைப் பார்த்தே கும்பிட்டிருக்கிறேன்.

"அப்ப அம்மா கண்ணு நெசமாவே எப்படிப்பா இருக்கும்?"

அப்பா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"ஒன்னோடது மாதிரிதாம்மா" என்றார். பிறகு, "இல்ல?" என்று என்னிடமே கேட்டார்.