எல்லாம் விசாரிச்சாச்சு

ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் போன ஸ்ட்ரெச்சரைத் திருப்பி வார்டுக்கே தள்ளிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"இன்னைக்கு ஆபரேஷன் இல்லைன்னா என்ன அர்த்தம்? இதென்ன பஸ்ஸா, இந்த வண்டி போகாது, எல்லாரும் இறங்குங்கன்னு சொல்றதுக்கு?"

கணவன் கேட்டது நியாயம்தான். டாக்டரம்மா வந்து பேசுவார் என்று சொல்லிவிட்டு நர்ஸ் மெதுவாக நழுவிவிட்டாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மெஷின் இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை. வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கூட வந்திருந்த அவன் அக்கா, பக்கத்துப் பெஞ்சுக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள்.

மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டிகள். மாதாமாதம் கொட்டிய ரத்தத்தில் உடம்பு வெளுத்து, ஒருநாள் சமையலறையிலேயே சுருண்டு விழுந்தாள். அன்றைக்குப் பயந்தவன் இன்னும் தெளியவில்லை. கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது, அதுவும் ரோபோ வைத்துச் செய்வது என்று பேச்சு வந்ததும் மனுஷன் டாக்டரைத் துளைத்தெடுத்துவிட்டான்.

வெட்டுவது மெஷினா, நீங்களா? நான்தான், அது தானாக ஒரு நூல்கூட அசையாது, அதே அறையில் உட்கார்ந்து நான் ஆட்டிவைக்கிறபடி ஆடும் என்றார் டாக்டர். கரண்ட் போனால்? மெஷினின் கை பாதியில் மாட்டிக்கொண்டால்? ஒதுக்கிவைத்துவிட்டு வயிற்றைத் திறந்து எங்கள் கையாலேயே முடிப்போம், அதற்கும் தயாராகத்தான் நிற்போம் என்றார்.

ஆஸ்பத்திரி கணக்கு வேண்டாம், உங்கள் கை இதுவரை எத்தனை செய்திருக்கிறது என்றும் கேட்டான். ரோபோ இல்லாமல் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி போதாதா என்று மடக்கினான். நிறையப் பேருக்கு அதுவே போதும். உங்கள் மனைவிக்குப் பழைய அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனால் உள்ளே குடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் இது எனக்கு வசதி என்று டாக்டரும் ஒளிக்காமல் சொன்னார். சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா என்பது வரை அவன் விடவில்லை.

கட்டியை மட்டும் எடுக்கவும் வழி உண்டு, ஆனால் திரும்ப வளரலாம், வீட்டில் பேசி முடிவெடுங்கள் என்றார் டாக்டர். மறுநாளே வந்து நின்றான். பேசிவிட்டோம், அவள் மறுபடி மறுபடி கஷ்டப்பட வேண்டாம், முழுசாக எடுத்துவிடுங்கள் என்றான்.

இத்தனை பேச்சுக்கும் மனைவியை டாக்டர் அறைக்குள் உட்கார வைக்கவில்லை. ரத்தம் என்று சொன்னாலே அவளுக்கு மயக்கம் வருமாம். ஸ்கேனுக்குப் படுத்திருந்தபோது எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டதற்குக்கூட அவன்தான் பதில் சொன்னான். தலையாட்டுவது மட்டும் அவள் வேலை.

"இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்," என்றாள் அக்கா. "அவ பச்சைப் பிள்ளை மாதிரி. ஒண்ணும் தெரியாது. எல்லாம் என் தம்பிதான்."

பெஞ்சே தலையசைத்தது. தன் வீட்டுக்காரரை நினைத்து ஒருத்தி பெருமூச்சுகூட விட்டாள்.

டாக்டர் வந்தார். தியேட்டர் உடையைக்கூட மாற்றவில்லை.

"மெஷின் ரிப்பேரா?" என்றான் கணவன். "எங்கிட்ட மறைக்க முடியாது டாக்டர். நான் மெஷினோடயே வாழறவன்."

"மெஷின் நல்லா இருக்கு."

"அப்போ வேண்டப்பட்டவங்க யாரோ வந்துட்டாங்க. எங்களைத் தள்ளிட்டீங்க."

இல்லை என்றார் டாக்டர். ரத்த அளவும் சரியாகத்தான் இருக்கிறது, மாத்திரையில் ரத்தப்போக்கு கட்டுப்பட்டிருக்கிறது, சில வாரம் தள்ளிப்போனால் ஆபத்தில்லை என்றார்.

அவனுக்கு இன்னும் ஏறியது. பட்டினி போட்டு, ஊசி குத்தி, கவுன் மாட்டி, அவளை வாசல் வரை கொண்டுபோய்த் திருப்பியிருக்கிறீர்கள், அவள் மனசு என்ன பாடுபடும், மேலிடத்தில் புகார் கொடுக்காமல் விடமாட்டேன் என்று பொரிந்து தள்ளினான். பெஞ்சிலிருந்தும் ரெண்டு குரல் சேர்ந்துகொண்டது.

"கொடுங்க," என்றார் டாக்டர். "என் பேரையும் சேர்த்தே கொடுங்க. உங்க மனைவிக்கு எல்லாம் தெரியுமான்னு கேட்டேன். சொல்லிட்டேன்னீங்க. நீட்டின இடத்துல அவங்க கையெழுத்துப் போட்டாங்க. நானும் நம்பிட்டேன். அது என் தப்பு."

"அவளுக்கு எது தெரியணுமோ அதைச் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். டாக்டர், நான் விசாரிக்காத விஷயம் ஒண்ணு இருந்தா சொல்லுங்க பாப்போம்."

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் முகம் சிவந்திருந்தது.

"மயக்க மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி, உங்களுக்கு இன்னைக்கு என்ன ஆபரேஷன்னு பேஷன்ட் வாயாலயே சொல்லச் சொல்லுவோம். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். வயித்துல கட்டியை எடுக்கப் போறீங்கன்னு சொன்னாங்க. வேற என்னன்னு கேட்டேன். வேற ஒண்ணும் இல்லையேன்னாங்க."

அக்கா சட்டென்று கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சா அவ ஒத்துக்க மாட்டா டாக்டர்," என்றான் கணவன். முதல் முறையாக அவன் சத்தம் இறங்கியிருந்தது. "அவ உயிரோட இருந்தா போதும் எனக்கு."

"உங்களுக்குப் போதும். அவங்களை யாராவது கேட்டீங்களா? இனிமே நான் அவங்ககிட்ட தனியா பேசிக்கிறேன். எடுக்கணுமா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும்."

"அவ... அவ வேற எதுவும் கேட்டாளா?"

"கேட்டாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கட்டியை எடுத்தாச்சுன்னா இனிமேலாவது என் வயித்துல ஒரு குழந்தை தங்கும் இல்ல, டாக்டர்?'னு கேட்டாங்க."