சுத்தப் பிரதி

அப்பா எட்டுப் பக்கத்தையும் கடைக்குப் போய் பிரிண்ட் எடுத்து வந்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் சர்வர், புராசஸர் என்று எங்களுக்கே பாடம் எடுக்கிறார். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் பாதியை ஒரு புராசஸர் கம்பெனியின் பங்குகளில் போட்டாகிவிட்டது. மீதியையும் இன்று போடுவதா என்பதுதான் கேள்வி. அதுவும் போனால் துடைத்து வைத்தாற்போலத்தான்.

கையில் இருந்தது, அந்தக் கம்பெனித் தலைவர் பெரிய முதலீட்டாளர்களோடு நடத்திய கூட்டத்தின் எழுத்து வடிவம்; கம்பெனியே இணையத்தில் போட்டது. ஒலிப்பதிவை வெளியே விடமாட்டார்கள்.

ஒருவர் கேட்டிருந்தார்: சர்வர்களுக்கான புதிய புராசஸர் சொன்ன தேதிக்கு வருமா?

அடுத்த வரியில் தலைவரின் பதில்: வரும்.

அப்பா அந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். மழுப்பல் இல்லை, இழுவை இல்லை, மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்.

வீட்டிலிருந்தபடி நான் தட்டச்சு வேலை செய்வது அவருக்குத் தெரியும். எதை அடிக்கிறேன் என்பது தெரியாது. சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். போன மாதம் கணவனிடம் உளறிவிட்ட ஒருத்தியை வேலையைவிட்டுத் தூக்கி, வழக்கும் போட்டார்கள். இந்த வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில்.

அந்த எட்டுப் பக்கமும் ஒலிப்பதிவைக் கேட்டு நான் அடித்ததுதான்.

எங்கள் வேலையில் அதற்குச் சுத்தப் பிரதி என்று பெயர். இருமல், செருமல், 'அது வந்து', மௌனம் எதுவும் இருக்கக் கூடாது. அந்தக் கேள்விக்கும் 'வரும்' என்ற சொல்லுக்கும் நடுவே பத்தொன்பது விநாடி ஓடியது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். யாரோ தண்ணீர் குடித்தார்கள். பிறகுதான் அந்தச் சொல் வந்தது. அவ்வளவு சுரத்தில்லாத குரலை நான் கேட்டதே இல்லை.

விதிப்படி வெட்டினேன். வேலை சுத்தம் என்று பாராட்டுகூட வந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ என்னம்மா சொல்ற? போட்டுடட்டுமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று துருவித் துருவிக் கேட்பார். அவரிடம் பொய் சொல்லி நான் தப்பித்ததே கிடையாது. உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் நண்பர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அவர் வாயில் எதுவும் தங்காது.

தம்ளரை எடுத்தேன். தண்ணீர் குடித்தேன். வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அப்பா பொறுமையாகக் காத்திருந்தார்.

உங்கள் இஷ்டம் என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. செல்போனில் தட்டி முடித்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பி அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

"பொண்ணுகிட்டயும் கேட்டுட்டேன். கேட்ட உடனே சரின்னுட்டா."