புகார் என்றால் ஏழே நாள்

“ஒருத்தன் இருக்கான் சார். பதினாலு வருஷமா குடியிருப்பு அட்டை இல்லாமலே இந்த நாட்டுல குடும்பம் நடத்தறான். இன்னைக்கே புகார் பதியணும்!”

வந்தவர் குரலில் இருந்த சூடு எழுத்தருக்குப் பிடித்திருந்தது. குடியேற்ற அலுவலகத்தின் புகார்ப் பிரிவுக்கு இப்படிப்பட்ட ஆட்கள்தான் உயிர்நாடி.

“முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.”

புகார் கொடுக்க வருகிறவர்களுக்கு அங்கே மெத்தை நாற்காலி, மின்விசிறி, தண்ணீர். விண்ணப்பம் கொடுக்க வருகிறவர்களுக்கு வெளியே வெயில். ஜன்னல் வழியாக அவர்கள் வரிசையின் நடுப்பகுதி மட்டும் தெரியும். தலையையும் வாலையும் இதுவரை யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை.

வந்தவர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். ஆளின் பெயர், முகவரி, எந்த மாடி, எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பான் என்பது வரை அதில் இருந்தது. எழுத்தருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. எல்லாரும் இப்படிப் பொறுப்பாக இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

பெயரையும் முகவரியையும் படிவத்தில் எழுதிக்கொண்டே கேட்டார். “என்ன வேலை பாக்கறான்?”

“மீன் கம்பெனியில. ஐஸ் ரூம்ல பெட்டி தூக்கறான்.”

“நம்ம பசங்க வாயில மண்ணைப் போட்டுட்டான்.”

“பசங்க ரெண்டு பேர் வந்தாங்க சார். மறுநாளே விரல் மரத்துப்போச்சுன்னு ஓடிட்டாங்க.”

“அதெல்லாம் எழுதறதுக்குப் படிவத்துல இடம் இல்ல.”

“இன்னொரு அக்கிரமத்தைக் கேளுங்க. அவன் சம்பளத்துல மாசா மாசம் வரி பிடிக்கறாங்க! ஆள் ஆகாதாம், வரி மட்டும் இனிக்குதா?”

“அதானே! நம்ம அரசாங்கத்துக்கே வரி கட்டற அளவுக்கு அவனுக்குத் துணிச்சல் வந்துடுச்சா?” என்று பொங்கினார் எழுத்தர். “குடும்பம்னு சொன்னீங்களே, யார் யாரு?”

“ஒரே பொண்ணு. நாலு வயசுல வந்தது. நர்சிங் காலேஜ்ல சீட்டு கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள அப்பாவோட அட்டையோ, இந்த ஆபீஸ்ல அவர் மேல ஒரு கோப்பு எண்ணோ காட்டணும். இல்லேன்னா சீட்டு கிழிஞ்சுடும்.”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

“என் மச்சினன் பொண்ணு ரெண்டு வருஷமா அந்த சீட்டுக்கு நாயா அலையறா. இருங்க, இருங்க. இப்ப நான் முத்திரை குத்தினா உடனே கோப்பு எண் விழுந்துடும். அப்புறம் விசாரணை முடியற வரைக்கும் அவனை யாரும் அசைக்க முடியாது. அந்தப் பொண்ணும் அதைக் காட்டிக் காலேஜ்ல போய் உக்காந்துடும்.” குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு பண்ணுங்க. சனிக்கிழமை வாங்க. ஜம்முனு பதிஞ்சுக்கலாம்.”

வந்தவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“இதான்! பதினாலு வருஷமா இந்த ஆபீஸ்ல இதையேதான் சொல்றீங்க! நாளைக்கு வா, சனிக்கிழமை வா! யார் பொறுப்புன்னு கேட்டா எல்லையில நிக்கறவனைக் காட்டுவீங்க. ஏஜென்ட்டைக் காட்டுவீங்க. வேலை குடுத்த முதலாளியைக் காட்டுவீங்க. அவன் வந்த மறுநாளே வெளிய அதே வரிசையில நின்னு விண்ணப்பம் குடுத்திருக்கான். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு கோப்பு எண்கூட விழல. இருன்னு ஒரு வரி, இல்ல கிளம்புன்னு ஒரு வரி. அதை எழுதப் பதினாலு வருஷம் போதலையா உங்களுக்கு? ஒருத்தனை ரெண்டும் இல்லாம ஊறப் போட்டுட்டு, அவனால நாடு கெட்டுப்போச்சுன்னு ஊரெல்லாம் போஸ்டர் வேற! தூங்கினது நீங்க, திருட்டுப்பட்டம் அவனுக்கா?”

அலுவலகம் முழுக்கத் தலைகள் திரும்பின. எழுத்தருக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்திரண்டு வருட சேவையில் அவர் தூங்குகிறார் என்று யாரும் சொன்னதில்லை, அவர் தூங்கியபோதுகூட.

“யாரைப் பாத்துத் தூங்கறேன்னு சொன்னீங்க? விண்ணப்பப் பிரிவு வேற, புகார்ப் பிரிவு வேற! விண்ணப்பம்னா வருஷக்கணக்கு ஆகும். புகார்னா ஏழே நாள்ல கூப்பிட்டு விசாரிச்சே ஆகணும், தெரியுமா? நாட்டுக்காக உயிரைக் குடுத்து வேலை பாக்கறோம் இங்க!”

“அப்ப குத்துங்க பாக்கலாம்.”

“குத்தறேன்யா!”

மேஜை அதிர முத்திரை விழுந்தது. கோப்பு எண்ணை எழுதி, ரசீதைக் கிழித்து நீட்டினார்.

“போதுமா? இனிமே அமைச்சரே வந்தாலும் இதை ரத்து பண்ண முடியாது.”

வந்தவர் இரண்டு கையாலும் ரசீதை வாங்கினார். எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் இருந்த கோபம் முகத்தில் இப்போது இல்லை.

“கடைசியா ஒரு கட்டம் பாக்கி இருக்கு” என்றார் எழுத்தர், இன்னும் மூச்சு வாங்கியபடி. “புகார்தாரர் பேரு, நீங்க அவனுக்கு என்ன உறவுன்னு எழுதணும். பக்கத்து வீடா?”

“அதே வீடுதான் சார். மேல எழுதினீங்களே, அந்தப் பேரையே இங்கயும் எழுதிக்குங்க.”

எழுத்தரின் பேனா அந்தரத்தில் நின்றது.

“உங்க மேல நீங்களே புகாரா?”

“வேற வழி? பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது குடுப்பாங்கன்னு பதினாலு வருஷமா பாத்தேன் சார். எல்லாரும் நல்லவங்களாவே இருந்து தொலைச்சுட்டாங்க.”